வானத்து ஆடியைக் கட்டிய வள்ளல்

ஐதராபாத் நகரின் பேகம்பேட் பகுதி, ஓர் இளவரசியின் பெயரால் வழங்கும் ஊராகும். இரண்டாம் நிஜாமின் மகள் பஷீர்-உன்-நிசா பேகம், பைகா குடும்பத்துப் பிரபு ஒருவரை மணந்தபோது இந்நிலப்பகுதி அவருக்குச் சீதனமாக அளிக்கப்பட்டது. பைகா குடும்பத்தார் நிஜாமுக்கு அடுத்த நிலையில் வைத்து மதிக்கப்பட்டவர்கள். நிஜாமின் காவலுக்கெனத் தனிப் படையே வைத்திருந்தவர்கள். அக்குடும்பத்தில் 1856-ஆம் ஆண்டு பிறந்தவரே சர் விக்கார்-உல்-உம்ரா.

இவர் ஐந்தாம் நிஜாமின் மகளை மணந்தார். அதனால் ஆறாம் நிஜாம் மகபூப் அலி கானுக்கு மைத்துனர் ஆனார். ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்று அங்குள்ள மாளிகைகளைக் கண்டுகளித்த இவர் உள்ளத்தில், அவற்றுக்கு இணையான ஒன்றைத் தம் மண்ணிலும் எழுப்ப வேண்டும் என்னும் வேட்கை வேரூன்றியது.

1884-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள், சார்மினாருக்குத் தெற்கே ஒரு குன்றின்மீது அடிக்கல் நாட்டப்பட்டது. மாளிகைக்கு ஃபலக்நுமா என்று பெயரிட்டார். வானத்தின் கண்ணாடி என்பது அதன் பொருள். வானிலிருந்து நோக்கினால் இரு கொடுக்குகளை நீட்டிய தேள்போல் அதன் அமைப்பு தோன்றும். விருந்து மண்டபத்தில் 101 பேர் ஒருங்கே அமர்ந்து உண்ணத்தக்க நீண்ட மேசை இடப்பட்டது.

இங்கிலாந்தில் தேம்சு ஆற்றங்கரையில் விண்சர் கோட்டை உள்ளது. 900 ஆண்டுகளுக்கும் மேலாக அந்நாட்டு மன்னர்கள் வாழ்ந்து, வேற்று நாட்டு வேந்தர்களுக்கு விருந்தளித்து வரும் இடம் அது. அங்குள்ள நூலகத்தை ஒட்டியே ஃபலக்நுமாவின் நூலகக் கூரை மரவேலைப்பாட்டுடன் செய்யப்பட்டது. மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைக் கண்டு வியந்தோர், இங்கும் அவ்வாறே வியந்து நிற்பர்.

ஆனால் ஆசை வளர்ந்த அளவுக்குப் பொருள் வளரவில்லை. மாளிகை முற்றுப்பெற ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின. பெருஞ்செல்வராகிய அவரையே கடன் சூழ்ந்தது. 1893-இல் ஐதராபாத் அரசின் முதலமைச்சர் பொறுப்பை ஏற்றார். நாட்டின் கணக்கைக் காக்க வேண்டியவரின் சொந்தக் கணக்கோ தத்தளித்தது.

அந்நாளில் நிஜாம் மகபூப் அலி கான் விருந்தினராக ஃபலக்நுமாவுக்கு எழுந்தருளினார். மாளிகையின் அழகு அவர் மனத்தைக் கவர்ந்தது. குறித்த நாள் கடந்தும் அவர் அங்கேயே தங்கினார் என்பர். விருந்தினரின் விருப்பத்தைக் குறிப்பால் உணர்ந்தார் விக்கார்-உல்-உம்ரா. தம் வாழ்நாள் கனவாகிய மாளிகையை 1897-ஆம் ஆண்டளவில் நிஜாமுக்கே காணிக்கையாக்கினார். நிஜாமும் அதனை வெறுங்கையோடு பெற்றுக்கொள்ளவில்லை. பெருந்தொகையை ஈடாக வழங்கினார் என்று கூறுவர். கொடுத்தவர்க்குக் கடன் சுமை குறைந்தது. பெற்றவர்க்கு அரச விருந்தினரை வரவேற்க ஓர் இல்லம் கிடைத்தது. 1906-இல் இங்கிலாந்தின் இளவரசர், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவர், இங்குத்தான் தங்கினார்.

மாளிகையைத் துறந்தவர் மனம் துவளவில்லை. பேகம்பேட்டில் வேறொரு மாளிகையை எழுப்பினார். அதுவே இன்றைய பைகா அரண்மனை. அருகிலேயே, ஸ்பெயின் நாட்டுக் கார்டோபா மசூதியை நினைவூட்டும் ஒரு பள்ளிவாசலையும் கட்டத் தொடங்கினார். 1901-இல் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார், 1902-இல் மறைந்தார். பள்ளிவாசல் முற்றுப்பெற்ற 1906-ஆம் ஆண்டைக் காண அவர் உயிரோடு இல்லை.

இன்று ஃபலக்நுமா ஓர் உயர்தர விடுதி. பொருள் கொடுத்தோரே அதனுள் தங்க இயலும். பேகம்பேட்டுப் பள்ளிவாசலோ அன்றாடம் தொழுவோர்க்குத் திறந்திருக்கிறது. தமக்கெனக் கட்டியது பிறர் கைக்குச் சென்றது. பிறர்க்கெனத் தொடங்கியதே அவர் பெயரை அவ்வூரில் நிலைநிறுத்தி நிற்கிறது.

சொற்பொருள்
சீதனம் – திருமணத்தின்போது மகளுக்குப் பெற்றோர் தரும் பொருள்
வேட்கை – மிகுந்த விருப்பம்
எழுந்தருளினார் – (பெரியோர்) வந்தார்
துவளவில்லை – தளரவில்லை

பயிற்சி
1. பேகம்பேட் என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. விண்சர் கோட்டைக்கும் ஃபலக்நுமாவுக்கும் உள்ள ஒற்றுமை யாது?
3. விக்கார்-உல்-உம்ரா மாளிகையைக் கொடுத்தது பெருந்தன்மையாலா, கடன் நெருக்கடியாலா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.
4. உம் பெற்றோரின் சொந்த ஊரில் உள்ள பழைய கட்டடம் ஒன்றைப் பற்றிக் கேட்டறிந்து எழுதுக.