கானகம் நாடிய ஜான் மியூர்

அமெரிக்க நாட்டின் வனங்களைக் காத்தோருள் முதன்மையாக எண்ணப்படும் ஜான் மியூர், ஸ்காட்லாந்து தேசத்துக் கீழ்கரையிலுள்ள டன்பார் என்னும் ஊரில் 1838ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிறந்தார். 1849ஆம் ஆண்டில் அவர் தந்தையார் குடும்பத்தோடு கடல் கடந்து விஸ்கான்சின் நாட்டில் குடியேறிக் காடு திருத்திப் பயிர் செய்யலாயினார். தந்தையார் தெய்வபக்தி மிக்கவர்; இரக்கமோ குறைந்தவர். புதிய ஏற்பாடு முழுவதையும் பழைய ஏற்பாட்டிற் பெரும்பகுதியையும் மைந்தர்க்கு அடித்தே மனப்பாடஞ் செய்வித்தார். பாறையை உளியாற் குடைந்து 90 அடி ஆழத்துக் கிணறு தோண்டும் வேலையும் மியூர்மேலதாயிற்று. அதன் அடியிலே தங்கிய நச்சுக்காற்றால் ஒருநாள் மயங்கி அவர் உயிர் தப்பியது அரிது. இத்துணை இடுக்கணிலும் நள்ளிரவு கடந்தவுடன் எழுந்து, மரத்தினாற் கடிகாரங்களும், குறித்த வேளையில் உறங்குவோனைச் சரித்து எழுப்பும் கட்டிலும் செய்துவந்தார்.

பின்னர் விஸ்கான்சின் சர்வகலாசாலையிற் சேர்ந்து, பட்டம் பெறாமலே வெளியேறினார். நம்மிற் சிலர்க்கு இச்செய்தி ஆறுதலாயிருத்தல் கூடும். ஆயின் அவர் விட்டது பட்டத்தையேயன்றிப் படிப்பையன்று.

இயந்திரத் தொழிலிற் கைதேர்ந்த அவர்க்குச் செல்வம் சேர்க்கும் வழி திறந்தே இருந்தது. 1867ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இந்தியானாபொலிஸ் நகரத்து வண்டியுறுப்புத் தொழிற்சாலையொன்றில் இயந்திர வாரின் தையலை அரத்தின் முனையால் நெகிழ்த்துக்கொண்டிருந்தார். அரம் நழுவி வலக்கண்ணைக் குத்திற்று. விழிநீர் கையில் வடிந்தது. சிறிது நேரத்தில் மற்றைக் கண்ணும் ஒளியிழந்தது. வாரக்கணக்காக இருளறையிற் கிடந்தவர் தொழில் போயிற்றே என்று வருந்தினாரல்லர். இனி ஒரு மலரையும் காண்டல் இயலாதே என்றே வருந்தினார். பார்வை மெல்ல மெல்ல மீண்டது. மீண்ட கண்களை இயந்திரங்களுக்கு ஈவதில்லை எனத் துணிந்தார்.

அவ்வாண்டு செப்டம்பர் மாதம் கெண்டக்கி நாட்டு லூயிவில் நகரினின்றும் புறப்பட்டு, செடிகளைப் பாடஞ்செய்யும் பலகையும் சில புத்தகங்களுமே துணையாக, புளோரிடாக் கடற்கரைவரை ஏறக்குறைய 1,000 மைல் காடும் மலையும் கடந்து நடந்தார். சவன்னா நகரிற் கைப்பொருள் வந்து சேரத் தாழ்க்கவே, கல்லறைத் தோட்டத்து மரநிழலிற் பல இரவுகள் துயின்றார். கடலைக் கண்ட இடத்திலே குளிர்காய்ச்சல் வீழ்த்திற்று. அதினின்றும் தேறி 1868ஆம் ஆண்டில் கலிபோர்னியா சேர்ந்து, யோசெமிட்டிப் பள்ளத்தாக்கைக் கண்டார்.

ஆங்கு அவர் புதுமனிதராயினார் என்பது மிகையன்று. ஆடு மேய்ப்பவருடன் மலையேறினார். மரமறுக்கும் ஆலையிற் கூலி பெற்றார். எஞ்சிய நாழிகையெல்லாம் பாறைகளையும் மரங்களையும் ஆராய்ந்தார். அப்பள்ளத்தாக்கு நிலம் அமிழ்ந்ததால் உண்டாயிற்று என்று நாட்டின் தலைமைப் புவியியலார் விட்னி உரைக்க, பனியாறுகள் குடைந்தே அஃது உருப்பெற்றது என இவர் வாதித்து, உயிருள்ள பனியாறொன்றை 1871ஆம் ஆண்டில் அம்மலைத்தொடரிலே கண்டறிந்தார். 1874ஆம் ஆண்டு டிசம்பரில் பெருங்காற்று வீசுகையில் நெடுமரமொன்றின் உச்சியிலேறி, மரத்தோடு தாமும் ஆடியவாறு நெடுநேரம் இருந்தார். கண்ணொளி இழந்து பெற்ற ஒருவர்க்கு அஃது பித்தன்று.

1880ஆம் ஆண்டில் மணம்புரிந்து, மார்ட்டினெஸ் ஊரிற் பழத்தோட்டத்தைத் திறம்பட நடத்திப் பெரும்பொருள் ஈட்டினார். பொருள் பெருகப் பெருக உடல் நலிந்தது, எழுதுகோலும் உறங்கிற்று. 1888ஆம் ஆண்டில் அவர் மலைப்பயணம் சென்றிருந்தபோது, நிலத்தில் ஒரு பகுதியை விற்றேனும் கவலை நீங்கி, உடலையும் எழுத்தையும் பேணுமாறு மனைவியார் மடல் விடுத்தார். அவ்வம்மையாரை நாம் மறத்தலாகாது. அவ்வாண்டே 14,000 அடிக்கு மேற்பட்ட ரெய்னியர் சிகரத்தில் 50 வயதினரான மியூர் ஏறினார்.

நலந்தந்த கானகத்துக்கு அவர் செய்த கைம்மாறு பெரிது. 1890ஆம் ஆண்டில் யோசெமிட்டி தேசியப் பூங்காவாயிற்று. 1892ஆம் ஆண்டில் நிறுவிய சியரா சங்கத்துக்கு இறுதிவரை தலைவராயிருந்தார். 1903ஆம் ஆண்டு மே மாதத்தில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டைப் பெருமரங்களினடியிலும் மலையிலும் மூன்று இரவுகள் தங்கச் செய்தார். பனி பொழிந்து போர்வையை மூடவும் தலைவர் மகிழ்ந்தாரேயன்றி முனிந்தாரல்லர்.

ஒரு குறையையும் மறைத்தல் நன்றன்று. மலைவாழ் பழங்குடிகளை இழித்துரைத்த இடங்கள் அவர்தம் முற்கால எழுத்துக்களில் உள. அம்மக்கள் 1851ஆம் ஆண்டிற் படைகொண்டு யோசெமிட்டியினின்றும் துரத்தப்பட்டவர்கள். மனிதர் வாழ்விடமன்றென அவர் போற்றிய காடு அவர்தம் இல்லமாயிருந்தது.

யோசெமிட்டிக்கு வடபால் உள்ள ஹெட்ச் ஹெட்சிப் பள்ளத்தாக்கை அணைகட்டி நீர்த்தேக்கமாக்க விழைந்தது சான்பிரான்சிஸ்கோ நகரம். மியூர் பல்லாண்டு போராடினார். 1913ஆம் ஆண்டு டிசம்பரில் சட்டம் நகரத்தார் பக்கமே நிறைவேறிற்று. மறுவருடம் டிசம்பர் 24ஆம் நாள் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மருத்துவமனையில், நுரையீரல் அழற்சியால் அவர் உயிர் நீத்தார். அலாஸ்காப் பனிமலைகளைப் பற்றி எழுதிவந்த நூலின் தாள்கள் அவருடன் இருந்தன. அந்நூல் 1915ஆம் ஆண்டில் வெளிவந்தது.