ஊர் ஊராகப் போன கூண்டு வண்டி: லாரா இங்கல்ஸ் வைல்டர் எழுதியதும் எழுதாததும்

1869-ம் ஆண்டு. அமெரிக்காவின் கான்சஸ் புல்வெளியில் ஒரு கூண்டு வண்டி வந்து நிற்கிறது. விஸ்கான்சின் காட்டுப் பகுதியிலிருந்து கிளம்பி வந்த குடும்பம் அது. அப்பா சார்லஸ், அம்மா கரோலின், மூத்த மகள் மேரி, 2 வயது லாரா. அந்தக் குட்டிப் பெண்தான் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற குழந்தைகள் எழுத்தாளர் லாரா இங்கல்ஸ் வைல்டர்.

எதற்காக இந்தப் பயணம்?

நிலம்தான் காரணம். 1862-ல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி, 5 வருஷம் தங்கி விவசாயம் செய்தால் 160 ஏக்கர் சொந்தமாகும். சின்னக் கட்டணம் கட்டினால் போதும். லட்சக்கணக்கானோர் மேற்கே கிளம்பினார்கள்.

ஆனால் சார்லஸ் வீடு கட்டிய இடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அது ஓசேஜ் பழங்குடி மக்களின் நிலம். அங்கே குடியேறியவர்களுக்குப் பட்டா கிடையாது என்பது 1870 சென்சஸ் பதிவிலேயே இருக்கு. அதே வருஷம் ஓசேஜ் மக்களை இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்ப முடிவானது. 1871-ல் லாரா குடும்பமும் விஸ்கான்சினுக்கே திரும்பியது. பழைய வீட்டை வாங்கியவரால் பாக்கிப் பணத்தைக் கட்ட முடியவில்லை.

அடுத்தடுத்து அடி

1874-ல் மின்னசோட்டா போனார்கள். ஓடைக்கரை மேட்டைக் குடைந்து செய்த மண் வீட்டில் குடியிருந்தார்கள். நல்லா விளைந்து நின்ற கோதுமையை வெட்டுக்கிளிகள் தின்று தீர்த்தன. 1876-ல் 9 மாத ஆண் குழந்தை இறந்தது. பிறகு அயோவாவில் ஒரு ஹோட்டலில் குடும்பமே வேலை பார்த்தது. 1879-ல் நோயால் மேரிக்குப் பார்வை போனது.

அதே வருஷம் டகோட்டா பயணம். டி ஸ்மெட் என்ற ஊரில் சட்டப்படி நிலம் பதிவு செய்தார் சார்லஸ். 1880-81 குளிர்காலத்தில் பனியால் ரயில் நின்றுபோனது. கடைகளில் சாமான் தீர்ந்தது. காபிக்கொட்டை அரைக்கும் மில்லில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டுப் பிழைத்தார்கள். 1886-ல் நிலம் ஒருவழியாகச் சொந்தமானது. ஆனா அதை நம்பி மட்டும் பிழைக்க முடியல. குடும்பம் டவுனுக்கே குடிபோனது.

லாரா 1885-ல் அல்மான்சோ வைல்டரைக் கல்யாணம் செய்தார். அவருக்கும் அதே கதைதான். வறட்சி, நோய், கடன். 1889-ல் பச்சைக் குழந்தை இறந்தது, வீடும் எரிந்தது. 1894-ல் கணவர், மகள் ரோஸுடன் அவரும் வண்டி ஏறினார். இந்த முறை மேற்கே இல்லை, தெற்கே மிசௌரிக்கு. கடைசி வரை அங்கேதான் வாழ்ந்தார்.

65 வயதில் முதல் புத்தகம்

1932-ல் முதல் நாவல் வந்தபோது லாராவுக்கு வயது 65. எழுத்தாளரான ரோஸ் கைகொடுத்துத் திருத்தினார். கான்சஸ் நாட்களைச் சொல்லும் 'லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி' 1935-ல் வெளியானது. 1970-களில் டிவி தொடராகவும் வந்தது.

உழைத்தால் முன்னேறலாம் என்ற நம்பிக்கையோடு பலர் அதைப் படித்தார்கள். குடும்பத்தின் அயோவா நாட்களும் தம்பியின் மரணமும் அந்த வரிசையில் இல்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தப் புல்வெளியில் மனிதர்களே இல்லை, இந்தியர்கள் மட்டுமே வாழ்ந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி. அப்போ இந்தியர்கள் மனிதர்கள் இல்லையா? 1952-ல் ஒரு வாசகர் இதைச் சுட்டிக்காட்ட, லாரா தவறை ஒப்புக்கொண்டார். அடுத்த பதிப்பில் 'மனிதர்கள்' என்பது 'குடியேறிகள்' என்று மாறியது.

1957-ல் 90 வயதில் லாரா காலமானார். பழங்குடி மக்களையும் கறுப்பின மக்களையும் அவர் சித்தரித்த விதம் பற்றிய விவாதம் ஓயவில்லை. 2018-ல் அமெரிக்கக் குழந்தைகள் நூலகச் சங்கம் தன் விருதிலிருந்து அவர் பெயரை நீக்கியது. ஆனால் புத்தகங்களுக்குத் தடை இல்லை. படிக்கும்போது, வண்டி போய் நின்ற நிலம் யாருடையது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கு.