பயிற்சியாளரின் மகள் அனிட்டா லிசானா

நுழையும்முன்

டென்னிஸ் ஒரு காலத்தில் செல்வர்களின் விளையாட்டாக இருந்தது. களத்தைச் செப்பனிடுவோரும் பந்து எடுத்துக் கொடுப்போரும் பயிற்சி அளிப்போரும் எளிய குடும்பத்தினர்; ஆடி மகிழ்வோரோ வசதி படைத்தோர். அத்தகைய காலத்தில், பயிற்சியாளர் ஒருவரின் மகளாகப் பிறந்து உலகின் முதல்நிலை வீராங்கனையாக உயர்ந்த பெண்மணி ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நீண்டு கிடக்கும் நாடு

தென் அமெரிக்கக் கண்டத்தின் மேற்கு விளிம்பில், ஆண்டிஸ் மலைத்தொடருக்கும் பசிபிக் பெருங்கடலுக்கும் நடுவே, நாடாவை நீட்டி வைத்ததுபோல் அமைந்துள்ள நாடு சிலி. வடக்கிலிருந்து தெற்காக அதன் நீளம் 4,000 கிலோமீட்டருக்கும் மிகுதி. அகலமோ பெரும்பாலான இடங்களில் 200 கிலோமீட்டரைக்கூட எட்டாது. அங்குள்ள மக்கள் பேசுவது ஸ்பானிய மொழி. நாட்டின் தலைநகர் சாண்டியாகோ.

அந்நகரில் 1915ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் அனிட்டா லிசானா பிறந்தார். சிலியின் துறைமுக நகரங்களில் குடியேறிய ஆங்கிலேய வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே டென்னிஸ் விளையாட்டை அந்நாட்டிற்குக் கொண்டு வந்திருந்தனர். நாளடைவில் அது சாண்டியாகோ நகரின் செல்வக் குடும்பங்களிடையே பரவியது. அவர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்து, அதில் வரும் ஊதியத்தால் குடும்பத்தை நடத்தியவர் அனிட்டாவின் தந்தை. ஆகவே, மற்றவர்களுக்கு மாலைநேரப் பொழுதுபோக்காக இருந்த டென்னிஸ் அனிட்டாவின் வீட்டில் அடுப்பெரியச் செய்யும் தொழிலாக இருந்தது.

சாண்டியாகோவில் கின்டா நார்மல் என்னும் பெரிய பூங்கா ஒன்று உண்டு. அங்கிருந்த டென்னிஸ் களங்களே அனிட்டாவின் விளையாட்டுத் திடலாயின. மட்டையைத் தூக்கும் வலிமை கைகளுக்கு வந்த நாள்முதல் அவர் பந்தை அடிக்கத் தொடங்கினார். பதின்வயதிலேயே நாட்டின் சிறந்த வீராங்கனைகளை வென்று சிலியின் வாகையர் பட்டத்தைக் கைப்பற்றினார். உருவத்தில் மிகச் சிறியவராகவும் களத்தில் மின்னல்போல் ஓடுபவராகவும் இருந்ததால் சிலி மக்கள் அவருக்குச் சுண்டெலி என்னும் பொருள்படும் செல்லப்பெயரைச் சூட்டினர்.

ஒரு விளையாட்டு, இரண்டு வாயில்கள்

அக்காலத்து டென்னிஸ் உலகில் கடுமையான விதி ஒன்று நடைமுறையில் இருந்தது. விளையாட்டின் வாயிலாகப் பொருள் ஈட்டுவோர் தொழில்முறை ஆட்டக்காரர் எனப்பட்டனர். பொருள் பெறாமல் ஆடுவோர் பயில்முறை ஆட்டக்காரர் எனப்பட்டனர். விம்பிள்டன் முதலிய புகழ்பெற்ற போட்டிகளில் பயில்முறை ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே இடமுண்டு. பயிற்சி அளித்து ஊதியம் பெற்றவர் எத்துணைத் திறமை உடையவராயினும் அப்போட்டிகளில் கால்வைக்க இயலாது. 1968ஆம் ஆண்டில்தான் இவ்விதி நீக்கப்பட்டு, இரு சாராரும் ஒன்றாக ஆடும் நிலை ஏற்பட்டது.

இதனால் யார் பாதிக்கப்பட்டனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். செல்வருக்குப் பரிசுப்பணம் தேவைப்படவில்லை. நாடு நாடாகக் கப்பலில் சென்று ஆடுவதற்கு அவர்களிடம் பொருளும் இருந்தது, ஓய்வும் இருந்தது. உழைத்து உண்ணும் குடும்பத்தில் பிறந்தவருக்கு இரண்டும் அரிது. மகளுக்கு ஆட்டம் கற்பித்த தந்தைக்கே மூடப்பட்டிருந்த வாயில் அது. அவ்வாயிலின் வழியே உள்ளே சென்று, உலகின் சிறந்த வீராங்கனைகளுக்கு எதிரே நிற்க வேண்டிய நிலையில் அனிட்டா இருந்தார். வென்றாலும் பரிசாகக் கிடைப்பது கோப்பை மட்டுமே. கையில் காசு வராது.

கடல்கடந்த பயணம்

சிலியில் தமக்கு ஈடாக ஆடுவோர் இல்லை என்ற நிலையை எட்டிய அனிட்டா, 1935ஆம் ஆண்டில் ஐரோப்பாவிற்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 19. வான்வழிப் பயணம் பரவலாகாத காலம் அது. சிலியிலிருந்து இங்கிலாந்தை அடையப் பல வாரங்கள் கப்பலில் செல்ல வேண்டும். மொழி வேறு, உணவு வேறு, தட்பவெப்பம் வேறு. ஆடும் தரையும் வேறாக இருந்தது.

சிலியில் டென்னிஸ் பெரும்பாலும் களிமண் தரையில் ஆடப்பட்டது. அத்தரையில் விழும் பந்து வேகம் குறைந்து உயரமாக எழும். அதனைத் திருப்பி அடிக்கச் சிறிது நேரம் கிடைக்கும். இங்கிலாந்தின் முதன்மையான போட்டிகள் புல்தரையில் நடைபெற்றன. புல்லில் விழும் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாகவும் விரைவாகவும் வரும். களிமண் தரையில் பழகிய கால்களும் கண்களும் புல்தரைக்குப் பழகுவது எளிதன்று.

அனிட்டா தம் சிறிய உருவத்திற்கு ஏற்ற ஆட்டமுறை ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். களத்தின் பின்கோட்டருகே நின்று, எதிராளியை இப்பக்கமும் அப்பக்கமுமாக ஓடவிடும் வகையில் நீண்ட அடிகளை அவர் அடிப்பார். எதிராளி பின்கோட்டை ஒட்டி நிற்கும் நேரம் பார்த்து, அதே கைவீச்சில் விசையைத் தணித்து, பந்தை வலைக்கு மறுபுறம் மெல்ல விழச் செய்வார். டிராப் ஷாட் எனப்படும் இவ்வடி மேலே எழும்பாமல் அங்கேயே அடங்கிவிடும். ஓடிவந்து எடுப்பதற்குள் புள்ளி அவருடையதாகிவிடும். உடல்வலிமையால் வெல்ல முடியாதவரை இடமறிந்தும் காலமறிந்தும் வெல்லலாம் என்பதை அவ்வடி காட்டியது. பந்து தாழ்ந்து எழும் புல்தரையோ அதற்குப் பெருந்துணையாக அமைந்தது.

படிப்படியாக வெற்றிகள் வந்தன. ஸ்காட்லாந்தில் நடைபெற்ற போட்டிகளில் அவர் பட்டம் வென்றார். 1936, 1937 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் போட்டியில் காலிறுதிச் சுற்றுவரை முன்னேறினார். ஆயினும் அதற்குமேல் செல்ல இயலவில்லை. சிலி மக்கள் செய்தித்தாள்களின் வாயிலாக அவருடைய ஒவ்வோர் ஆட்டத்தையும் பின்தொடர்ந்தனர்.

1937ஆம் ஆண்டின் வெற்றி

1937ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய டென்னிஸ் போட்டி நியூயார்க் நகரின் ஃபாரஸ்ட் ஹில்ஸ் என்னும் பகுதியில் நடைபெற்றது. இன்று அமெரிக்க ஓப்பன் என வழங்கப்படும் போட்டியே அது. விம்பிள்டனைப் போலவே அங்கும் புல்தரையில்தான் ஆட்டம். விம்பிள்டனில் இருமுறை தடைபட்ட அனிட்டா அந்தக் களத்தில் தம் திறமை முழுவதையும் வெளிப்படுத்தினார். சுற்றுக்குச் சுற்று வென்று, ஒரு செட்டைக்கூட இழக்காமல் இறுதிப் போட்டியை அடைந்தார்.

இறுதிப் போட்டியில் அவரை எதிர்த்து நின்றவர் போலந்து நாட்டின் யாத்விகா யென்ஜியெயோவ்ஸ்கா. அவர் வலிமை மிக்க அடிகளுக்குப் பெயர் பெற்றவர். அதே ஆண்டு விம்பிள்டன் இறுதிப் போட்டியிலும் ஆடி, மூன்று செட்கள் போராடித் தோற்றவர். டென்னிஸ் உலகின் பழைய மையங்களான அமெரிக்காவையும் இங்கிலாந்தையும் சேராத இருவர் அன்று பட்டத்திற்காக மோதினர். ஒருபுறம் வலிமை, மறுபுறம் விரைவும் நுட்பமும். 6-4, 6-2 என்ற கணக்கில் அனிட்டா வெற்றி பெற்றார். தொடர் முழுவதிலும் அவர் ஒரு செட்டையும் விட்டுக்கொடுக்கவில்லை.

உலகின் நான்கு பெரும் டென்னிஸ் போட்டிகளுள் ஒன்றில் லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்த ஒருவர் ஒற்றையர் பட்டம் வென்றது அதுவே முதன்முறை. கணினி வாயிலாகத் தரவரிசை கணக்கிடும் முறை அப்போது இல்லை. விளையாட்டை நெருக்கமாகக் கவனித்துவந்த செய்தியாளர்கள் ஆண்டிறுதியில் பட்டியல் வெளியிடுவர். இங்கிலாந்தின் டெய்லி டெலிகிராஃப் நாளிதழில் எழுதிவந்த வாலிஸ் மையர்ஸ் வெளியிட்ட பட்டியல் பெரிதும் மதிக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டிற்கான அவரது பட்டியலில் முதலிடம் பெற்றவர் அனிட்டா லிசானா. அமெரிக்கப் பட்டம் வென்றபோது அவருக்கு வயது 21.

தாய்நாடு திரும்பிய அனிட்டாவைச் சிலி மக்கள் உவகையுடன் வரவேற்றனர். பரிசுப்பணம் ஏதுமின்றித் திரும்பியவர் அவர். ஆனால் உலக வரைபடத்தின் ஓரத்தில் இருந்த தம் நாட்டின் பெயரை உலகம் முழுவதும் உச்சரிக்கச் செய்திருந்தார்.

இரண்டாம் தாயகம்

புகழின் உச்சியில் இருந்தபோது அனிட்டாவின் வாழ்க்கை வேறொரு திசையில் திரும்பியது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டென்னிஸ் வீரர் ரொனால்ட் எல்லிஸ் என்பவரை 1938ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் மணந்தார். கணவருடன் டண்டீ என்னும் நகரில் குடியேறினார். வங்காளத்திலிருந்து கப்பலேறிய சணலை நூலாகவும் துணியாகவும் மாற்றும் ஆலைகளால் பெயர் பெற்ற நகரம் அது. கதிரவன் ஒளிமிக்க சாண்டியாகோவில் வளர்ந்தவர், குளிர்காற்று வீசும் அந்த வடகடல் நகரைத் தம் இல்லமாக்கிக்கொண்டார். அங்கு மூன்று பெண்மக்களுக்குத் தாயானார்.

மறு ஆண்டே இரண்டாம் உலகப்போர் மூண்டது. 1940 முதல் 1945 வரை விம்பிள்டன் போட்டி நடைபெறவே இல்லை. விளையாட்டு வீரர் பலரின் சிறந்த ஆண்டுகளைப் போர் விழுங்கிற்று. அனிட்டாவும் அவர்களுள் ஒருவர். போர் தொடங்கியபோது 23 வயதாக இருந்த அவர், அது முடிந்தபோது 30 வயதை நெருங்கியிருந்தார். போருக்குப்பின் விம்பிள்டன் களத்தில் மீண்டும் ஆடினார். ஆனால் 1937ஆம் ஆண்டின் உயரத்தை அவரால் மறுபடியும் எட்ட முடியவில்லை.

காலம் செல்லச் செல்லப் புதிய பெயர்கள் எழுந்தன. 1959ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டின் மரியா புவேனோ அமெரிக்கப் போட்டியில் பட்டம் வென்றார். தென் அமெரிக்கப் பெண் ஒருவர் அப்பட்டத்தை மீண்டும் பெற 22 ஆண்டுகள் ஆயின. சிலியைப் பொறுத்தவரை, நான்கு பெரும் போட்டிகளில் ஒற்றையர் பட்டம் வென்றவர் அனிட்டாவைத் தவிர வேறொருவர் இன்றுவரை இல்லை.

பிறந்த மண்ணிலிருந்து தொலைவில், இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஃபெர்ன்டவுன் என்னும் ஊரில், 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் அனிட்டா இயற்கை எய்தினார். அவருக்கு அப்போது வயது 78. தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அவர் பிரித்தானியாவிலேயே கழித்தார். எனினும் விளையாட்டு வரலாற்றில் அவருடைய பெயருக்கு அருகில் எழுதப்படுவது சிலி என்னும் நாட்டின் பெயரே.

சாண்டியாகோ நகரின் தேசிய விளையாட்டரங்க வளாகத்தில் உள்ள முதன்மை டென்னிஸ் களத்திற்கு, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், அனிட்டா லிசானாவின் பெயர் சூட்டப்பட்டது. செல்வரின் பிள்ளைகளுக்குக் கூலி பெற்று ஆட்டம் கற்பித்த ஒருவரின் குடும்பப் பெயர் அது. இன்று அந்நாட்டின் இளைய வீரர்கள் அந்தப் பெயரைக் கடந்துதான் களத்தினுள் நுழைகின்றனர்.

அருஞ்சொற்பொருள்

விளிம்பு – ஓரம்
வாகையர் – வெற்றி பெற்று முதலிடம் அடைந்தவர்
ஈட்டுதல் – சம்பாதித்தல்
எத்துணை – எவ்வளவு
விசை – வேகத்துடன் கூடிய வலிமை
உவகை – மகிழ்ச்சி
இயற்கை எய்தினார் – காலமானார்

பயிற்சிகள்

அ. ஓரிரு சொற்களில் விடை தருக.
1. அனிட்டா லிசானா பிறந்த நகரம் எது?
2. 1937ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் அனிட்டாவை எதிர்த்து ஆடியவர் எந்நாட்டைச் சேர்ந்தவர்?
3. பயில்முறை, தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒன்றாக ஆடும் நிலை எந்த ஆண்டில் ஏற்பட்டது?

ஆ. இரண்டு அல்லது மூன்று தொடர்களில் விடை தருக.
1. களிமண் தரைக்கும் புல்தரைக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. அனிட்டா தம் சிறிய உருவத்திற்கு ஏற்ப எவ்வாறு ஆடினார்?
3. அக்காலத்து விதி எளிய குடும்பத்தினரை எவ்வாறு பாதித்தது?

இ. பிரித்து எழுதுக.
1. கடல்கடந்த
2. பெண்மக்கள்
3. புல்தரை

ஈ. சிந்தித்து எழுதுக.
பிறந்த ஊரை விட்டு வேறு மாநிலத்திலோ வேறு நாட்டிலோ வாழ்ந்து தம் துறையில் சிறந்து விளங்கும் ஒருவரைப் பற்றி வீட்டிலுள்ள பெரியோரிடம் கேட்டறிந்து பத்துத் தொடர்களில் எழுதுக.