வேலைக்கு ஓடியே போனவர்



நம் வளாகத்தில் காலை ஐந்தரை மணிக்கு நடப்பவர்களுடன் இப்போது ஓடுகிற இளைஞர்களும் சேர்ந்திருக்கிறார்கள். சிலர் மாரத்தானுக்குத் தயாராகிறார்கள். குழந்தையைப் பள்ளி வேனில் ஏற்ற வேண்டும், ஆபீசுக்குப் போக வேண்டும், இதற்கு நடுவில் பயிற்சிக்கு நேரம் எங்கே என்பதுதான் எல்லோருடைய குறையும். என் மகனும் அதைத்தான் சொல்கிறான். அவனுக்குச் சொல்வதற்காகத் தேடிப் படித்தபோது, அமெரிக்கர் ஒருவரின் வாழ்க்கை என்னைக் கவர்ந்தது. அவர் பெயர் கிளாரன்ஸ் டிமார்.

ஒஹையோ மாநிலத்தில் 1888 ஜூன் 7 அன்று பிறந்தார். எட்டு வயதில் தந்தை இறந்துவிட்டார். தாயாரால் எல்லாப் பிள்ளைகளையும் வளர்க்க முடியாததால், பத்து வயதில் பாஸ்டன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தீவிலிருந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பிறகு வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கேதான் நீண்டதூர ஓட்டம் அவருக்குப் பிடிபட்டது. ஆனால் தாயாருக்கு உதவ வேண்டியிருந்ததால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, பாஸ்டன் பக்கம் அச்சகத்தில் கம்பாசிட்டராக வேலைக்குச் சேர்ந்தார். நாள் முழுக்க நின்றுகொண்டே எழுத்துக் கோக்கும் வேலை.

பயிற்சிக்கென்று தனி நேரம் கிடைக்காது என்பது அவருக்குப் புரிந்தது. அதனால் வேலைக்குப் போகிற வழியையே பயிற்சிக் களமாக்கிக்கொண்டார். மாற்றுச் சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு ஓடியே போவார், மாலையில் ஓடியே திரும்புவார். இப்படியே வாரக் கணக்கில் பல மைல்கள் சேர்ந்துவிடும். நம் ரெக்கரிங் டெபாசிட் மாதிரிதான்.

பாஸ்டன் மாரத்தான் 1897 முதல் நடந்துவருகிறது. டிமார் முதல் முறை ஓடிய 1910-ல் இரண்டாவதாக வந்தார். மறு ஆண்டு பந்தயத்துக்கு முன் பரிசோதித்த மருத்துவர்கள், இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் கேட்கிறது, இதுவே கடைசி ஓட்டமாக இருக்கட்டும் என்று எச்சரித்தார்கள். அன்று அவர் 2 மணி 21 நிமிடம் 39 வினாடியில் ஓடி, புதிய சாதனையுடன் வென்றார். அந்தக் காலத்தில் அந்தப் பாதை இன்றைய 42.195 கிலோமீட்டரைவிடச் சற்றுக் குறைவு.

1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பன்னிரண்டாவதாக வந்தார். அதன்பின் பல ஆண்டுகள் பெரிய பந்தயங்களை விட்டு ஒதுங்கியிருந்தார். மருத்துவர்கள் சொன்ன பயம் ஒரு காரணம். பந்தயத்தில் ஜெயிப்பது வெறும் பெருமைக்கான காரியமோ என்ற சந்தேகம், பக்தியுள்ள அவருக்கு இன்னொரு காரணம். அந்த ஆண்டுகளில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பைத் தொடர்ந்தார், தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு நடத்தினார். ஓட்டக்காரனுக்கு உடம்பு நன்றாக ஒத்துழைக்கும் வயது அப்படியே கழிந்தது.

முப்பது வயதைத் தாண்டித் திரும்பி வந்தார். 1922, 1923, 1924 என்று தொடர்ந்து மூன்று முறை பாஸ்டனில் வென்றார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 36 வயதில் வெண்கலம் வாங்கினார். மறுபடி 1927, 1928, 1930-ல் வெற்றி. கடைசி வெற்றியின்போது வயது 41. மொத்தம் ஏழு வெற்றிகள். பாஸ்டனின் ஆண்கள் ஓட்டத்தில் இன்றுவரை யாரும் அதை எட்டவில்லை. இத்தனைக்கும் பரிசுப் பணம் ஒரு காசு கிடையாது. சாப்பாட்டுக்கு அச்சுத் தொழில்தான்.

அவர் சாதுவான மனிதர் என்றும் சொல்ல முடியாது. ஓடும்போது ஆர்வத்தில் தண்ணீரை மேலே ஊற்றுகிற ரசிகர்கள் மேல் அவருக்குக் கடும் கோபம் வரும்.

நாற்பதை ஒட்டிய வயதில்தான் திருமணம். நியூ ஹாம்ப்ஷயரில் கீன் என்ற ஊரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அச்சுத் தொழில் கற்றுக்கொடுத்தார். குழந்தைகள் பிறந்தார்கள், குடும்பம் பெருகியது. ஓட்டம் நிற்கவில்லை. ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகும் பாஸ்டனுக்குப் போனார். 1954-ல் 65 வயதில் கடைசியாக அங்கே ஓடினார். புற்றுநோய் வந்த பிறகும், இறப்பதற்கு முந்தைய ஆண்டு 15 கிலோமீட்டர் பந்தயம் ஒன்றில் ஓடினார். 1958 ஜூன் 11 அன்று காலமானார்.

அவருடைய இதயத்தைப் பரிசோதித்ததில், அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சாதாரண மனிதருக்கு இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன. புகழ்பெற்ற இதய நிபுணர் பால் டட்லி ஒயிட்டும் சக மருத்துவர் ஒருவரும் 1961-ல் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவும் ஓரளவு இருந்தது. ஆனால் குழாய் அகலமாக இருந்ததால் ரத்த ஓட்டம் தடைபடவில்லை. ஓடக் கூடாது என்று சொல்லப்பட்ட இதயம் அது.

இதைப் படித்துவிட்டு யாரும் டாக்டர் பேச்சை மீற வேண்டாம். அன்று அவர்களிடம் இருந்தது காதில் வைக்கும் ஸ்டெதாஸ்கோப் மட்டும்தான். இன்று ஈசிஜி, எக்கோ எல்லாம் இருக்கிறது. பரிசோதித்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

நான் வேலை பார்த்த காலத்தில், மூன்று நிறுத்தம் தள்ளியிருந்த வங்கிக்குத் தினமும் பஸ்ஸில்தான் போனேன். நடக்க நேரம் இல்லை என்று உண்மையாகவே நம்பினேன். இப்போது காலையில் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கிறேன். டிமார் கதையைச் சொன்னதும் மகன் பதில் பேசவில்லை. போன வாரம் முதல், மாலையில் பேத்தியை சைக்கிள் ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே வளாகத்தைச் சுற்றி ஓடுகிறான். தயவுசெய்து அந்த நேரத்தில் உள்சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள்.