கரிச்சுரங்கம் தந்த கால்பந்து வாத்தியார்

கால்பந்து என்றதும் நம்மில் பலருக்கு பீலே, மரடோனா பெயர்தான் முதலில் வாய்க்கு வரும். கோல் போட்டவரை ஊரே கொண்டாடும். கோல் போட ஆள் தயார் செய்தவரை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? ஆனால் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில் போய்க் கேட்டால், ஆட்டக்காரர்களுக்கு முன்னால் ஒரு வாத்தியார் பெயரைத்தான் சொல்வார்கள். அவர் பில் ஷாங்க்லி. அவர் அடித்த பஞ்ச் டயலாக்குகள் போஸ்டரிலும் டீ-ஷர்ட்டிலும் கொட்டிக் கிடக்கின்றன நண்பர்களே. அதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. பேசியதைவிட அவர் செய்தது பெரிசு.

ஸ்காட்லாந்தில் அயர்ஷயர் பகுதியில் க்ளென்பக் என்று ஒரு குட்டி கிராமம். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பியே பிழைத்த ஊர். 1913ம் ஆண்டு செப்டம்பர் 2ம் தேதி அங்கே பிறந்தார் ஷாங்க்லி. வீட்டில் பத்துப் பிள்ளைகள். ஐந்து ஆண், ஐந்து பெண். ஐந்து ஆண்களுமே பிற்காலத்தில் சம்பளத்துக்குக் கால்பந்து ஆடினார்கள் என்றால் அந்த ஊரின் காற்றிலேயே பந்து இருந்திருக்க வேண்டும்! சில நூறு பேர் வாழ்ந்த அந்தக் கிராமத்திலிருந்து ஐம்பது பேர் வரை தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆனார்கள் என்பார்கள்.

14 வயதில் பள்ளிக்கூடம் முடிந்தது. நாம் பாலிடெக்னிக் வாசலை மிதிக்கும் வயதுக்கு முன்பே அவர் சுரங்கத்தில் இறங்கிவிட்டார். முதலில் மேலே வேலை, பிறகு பூமிக்கு அடியில். இருட்டு, ஈரம், கரித்தூள். சில வருடங்களில் அந்தச் சுரங்கமும் மூடப்பட்டது. வேலை போச்சு. கால்பந்து ஒன்றுதான் கையில் மிச்சம்... தப்பு, காலில் மிச்சம்!

1932ல் கார்லைல் யுனைடெட் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருடமே 500 பவுண்டு கொடுத்து பிரஸ்டன் நார்த் எண்ட் வாங்கியது. அவர் ஆடிய இடம் ரைட் ஹாஃப். அதாவது இன்றைய கணக்கில் நடுக்கள ஆட்டக்காரர், நாலாம் நம்பர் சட்டை. எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்குவது, முன்னால் நிற்பவனுக்குத் தள்ளுவது, திரும்ப ஓடி வருவது. கைதட்டல் கிடைக்காத வேலை. 1937ல் எப்.ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் சண்டர்லேண்டிடம் தோல்வி. 1938ல் மறுபடியும் இறுதியாட்டம், எதிரே ஹடர்ஸ்ஃபீல்ட். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் கிடைத்த பெனால்டியில் பிரஸ்டன் ஜெயித்தது. அதே வருடம் ஸ்காட்லாந்து அணிக்கும் தேர்வானார். வெம்ப்ளி மைதானத்தில் இங்கிலாந்தை 1-0 என்று தோற்கடித்த ஆட்டம்தான் அவருக்கு முதல் ஆட்டம்.

எல்லாம் கூடி வரும்போது 1939ல் உலகப் போர் வந்து நின்றது. அப்போது அவருக்கு 26 வயது. ஒரு ஆட்டக்காரனின் பொன்னான வருடங்கள் விமானப் படைச் சீருடையில் கழிந்தன. நாட்டுக்காக 5 ஆட்டங்களோடு கணக்கு முடிந்தது. போர் முடிந்து திரும்பி வந்து 1949 வரை பிரஸ்டனுக்கு ஆடினார். அப்போது அவருக்கு முன்னால் வலது ஓரத்தில் ஆடியவர் டாம் ஃபின்னி. தான் பார்த்தவர்களிலேயே சிறந்தவர் அவர்தான் என்று ஷாங்க்லி சாகும்வரை சாதித்தார்.

அதன் பிறகு மேனேஜர் வேலை. சும்மா சொல்லக்கூடாது, முதல் பத்து வருடம் படாத பாடு. கார்லைல், கிரிம்ஸ்பி, வொர்கிங்டன் எல்லாமே கையில் காசில்லாத சின்ன கிளப்புகள். வொர்கிங்டனில் போன் வந்தால் எடுப்பதும் அவர்தான், கடிதத்துக்குப் பதில் போடுவதும் அவர்தான். மைதானமோ ரக்பி அணியோடு பங்கு. 1951ல் லிவர்பூல் அவரை நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. ஆனால் அங்கே யார் ஆடவேண்டும் என்பதை டைரக்டர்கள் கூடித்தான் முடிவு செய்வார்கள். அணியைத் தேர்ந்தெடுக்க உரிமை இல்லாத மேனேஜர் எதற்கு என்பது இவர் கட்சி. வேலை கிடைக்கவில்லை.

ஹடர்ஸ்ஃபீல்டில் 1956ல் மேனேஜர் ஆனார். டெனிஸ் லா என்ற ஒல்லிக்குச்சிப் பையனுக்கு இறைச்சியும் பாலும் கொடுத்துத் தேற்றி, 16 வயதில் களத்தில் இறக்கியது இவர்தான். அவமானமும் அங்கேயே காத்திருந்தது. 1957 டிசம்பரில் சார்ல்டன் அணியோடு ஆட்டம். சார்ல்டனில் ஒருவர் அடிபட்டு வெளியேற, மீதி பத்தே பேர். இவர்கள் 5-1 என்று முன்னிலை. முடிவில் 7-6 என்று சார்ல்டன் ஜெயித்தது! நம்ப முடிகிறதா?

1959 டிசம்பரில் லிவர்பூல் மறுபடி அழைத்தது. அணி இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. பயிற்சி மைதானமான மெல்வுட் புதர் மண்டிக் கிடந்தது. ஆன்ஃபீல்ட் மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடக்கூட ஒழுங்கான வசதி கிடையாது. இவர் வந்த பிறகு நடந்த முதல் ஆட்டத்திலேயே கார்டிஃபிடம் 4-0 தோல்வி.

புது மேனேஜர் வந்தால் பழைய உதவியாளர்களை அனுப்பிவிட்டுத் தன் ஆட்களைக் கொண்டு வருவதுதான் வழக்கம். ஷாங்க்லி யாரையும் அனுப்பவில்லை. ஒரு காலத்தில் கொத்தனார் வேலை பழகிய பாப் பெய்ஸ்லி, ஜோ ஃபேகன், ரூபன் பென்னட் மூவரையும் வைத்துக்கொண்டார். பூட்ஸ்கள் தொங்கும் ஒரு சின்ன அறையில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து அவர்கள் பேசிய பேச்சில்தான் லிவர்பூலின் அடுத்த இருபது வருடம் உருவானது. ஆட்டக்காரர்களில்தான் கை வைத்தார். கொஞ்ச காலத்தில் 24 பேரை வெளியே அனுப்பினார்.

அவருடைய பயிற்சி முறையை நம்ம மாணவர்கள் ரசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மெல்வுட்டில் மரப்பலகைகளைச் சுவர் மாதிரி நிறுத்தி நடுவில் ஒரு ஆளை விடுவார்கள். பந்து பலகையில் மோதித் திரும்பி வரும். அடக்க வேண்டும், திரும்ப வேண்டும், உடனே அடிக்க வேண்டும். நிற்க நேரம் கிடையாது. சில நிமிடத்திலேயே நாக்குத் தள்ளிவிடும். தார் ரோட்டில் மைல் கணக்கில் ஓடும் வழக்கத்தை நிறுத்தினார். ஆட்டம் புல்லில்தானே நடக்கிறது, ஓட்டமும் புல்லிலேயே நடக்கட்டும் என்பது அவர் கணக்கு. பிறகு தினமும் அணிக்கு ஐந்து பேர் வீதம் சின்ன ஆட்டம். பந்தை வாங்கு, பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடு, காலி இடத்துக்கு ஓடு. அவ்வளவுதான் பாடத்திட்டம்! உடை மாற்றுவது ஆன்ஃபீல்டில், பயிற்சி மெல்வுட்டில், நடுவில் பஸ் பயணம். பயிற்சி முடிந்த சூட்டோடு குளிக்காமல் உடம்பு ஆறிய பிறகு குளித்தார்கள். காயங்கள் குறைய அதுவும் ஒரு காரணம் என்று அவர் நம்பினார். யாருக்கு எங்கே அடிபட்டது, அன்று என்ன பயிற்சி என்று உதவியாளர்கள் தினமும் நோட்டில் குறித்து வைத்தார்கள். நம்ம ரெக்கார்டு நோட் மாதிரி முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதியது இல்லை! பலன்? 1965-66ல் சாம்பியன் ஆனபோது சீசன் முழுவதும் அவர் பயன்படுத்தியது 14 பேரை மட்டுமே.

1961ல் இரண்டு ஸ்காட்லாந்துக்காரர்களை வாங்கினார். தடுப்புக்கு ரான் யேட்ஸ், கோலுக்கு இயன் செயின்ட் ஜான். 1962ல் முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள். 1964ல் சாம்பியன். 1965ல் லிவர்பூல் வரலாற்றிலேயே முதல் முறையாக எப்.ஏ. கோப்பை. அந்த இறுதியாட்டத்தில் ஜெர்ரி பைர்ன் என்பவருக்கு ஆரம்பத்திலேயே கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரர் விதி அப்போது இல்லை. முறிந்த எலும்போடு கூடுதல் நேரம் உட்பட 120 நிமிடமும் ஆடினார் மனுஷன். மூன்றே நாளில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் இன்டர் மிலனை 3-1 என்று வென்றார்கள். மிலனில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 3-0 தோல்வி. நடுவர் மேல் அவருக்கு இருந்த கோபம் கடைசிவரை தீரவில்லை.

ஷாங்க்லி குறையே இல்லாத மனிதர் என்று எழுதினால் அது பொய். அடிபட்டுப் படுத்த ஆட்டக்காரனிடம் அவர் பேசவே மாட்டார். ஆடாதவன் கண்ணுக்குத் தெரியாதவன் மாதிரி! இது எனக்கு ஒப்பவில்லை. இன்னொன்று பாசம். தன்னை உயர்த்திய பழைய ஆட்களை விட மனசு வரவில்லை. 1966க்குப் பிறகு வருடக்கணக்காகக் கோப்பையே இல்லை. 1970ல் இரண்டாம் டிவிஷன் வாட்ஃபோர்டிடம் கோப்பைப் போட்டியில் தோற்ற பிறகுதான் கத்தியைக் கையில் எடுத்தார். செயின்ட் ஜான், யேட்ஸ் என்று ஒவ்வொருவராக இடம் இழந்தார்கள். முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் அவருக்கு எப்போதும் வரவில்லை.

ஸ்கந்தார்ப் என்ற சின்ன கிளப்பிலிருந்து முன்பே ரே க்ளெமன்ஸை வாங்கியிருந்தார். 1971ல் அதே கிளப்பிலிருந்து கெவின் கீகன் வந்தார். 1973ல் மறுபடி லீக் சாம்பியன். கூடவே யூஈஎப்ஏ கோப்பை. ஜெர்மனியின் மன்ஷன்கிளாட்பாக் அணியோடு முதல் இறுதியாட்டம் ஆன்ஃபீல்டில். அரை மணி நேரத்துக்குள் மழை கொட்டி ஆட்டம் நிறுத்தப்பட்டது. மறுநாள் புதிதாக ஆட்டம். எல்லோரும் மழையைத் திட்டிக்கொண்டிருக்க, உயரப் பந்துகளில் ஜெர்மன் தடுப்பு தடுமாறுவதை அந்த அரை மணியில் ஷாங்க்லி கவனித்துவிட்டார். மறுநாள் நெட்டையான ஜான் டோஷாக்கை இறக்கினார். 3-0! ஜெர்மனியில் 2-0 என்று தோற்றும் கோப்பை லிவர்பூலுக்கு வந்தது. ஐரோப்பாவில் அவர்களுக்கு அதுதான் முதல் கோப்பை.

ரசிகர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே பார்த்தார்கள். கடிதம் போட்டால் தானே டைப் அடித்துப் பதில் போடுவார். 1973 வெற்றிக் கொண்டாட்டத்தில் ஒரு ரசிகர் வீசிய சிவப்புத் துண்டை ஒரு போலீஸ்காரர் காலால் ஒதுக்கினார். ஷாங்க்லி அவரைக் கண்டித்துவிட்டு, அதை எடுத்துத் தன் கழுத்தில் சுற்றிக்கொண்டார்.

1974 மே மாதம் நியூகாசிலை 3-0 என்று வென்று எப்.ஏ. கோப்பை. ஜூலை 12ம் தேதி ராஜினாமா. நகரமே நம்ப மறுத்தது. 60 வயது, உச்சத்தில் இருக்கும் அணி, ஏன் போனார்? குடும்பத்தோடு இருக்கவேண்டும், களைத்துவிட்டது என்றார். பெய்ஸ்லி மேனேஜர் ஆனார்.

பிறகு நடந்ததுதான் மனசைப் பிசைகிறது. வீட்டில் உட்கார முடியவில்லை. காலையில் மெல்வுட்டுக்கு வந்து நின்றார். ஆட்டக்காரர்கள் பழக்க தோஷத்தில் அவரையே தலைவர் என்று கூப்பிட்டார்கள். பெய்ஸ்லிக்குத் தர்மசங்கடம். இனி வரவேண்டாம் என்று நாசூக்காக உணர்த்தப்பட்டது. அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது பரம எதிரி எவர்ட்டனின் பயிற்சி மைதானம். அங்கே போனார். அவர்கள் மரியாதையாக வரவேற்றார்கள்! லிவர்பூல் மேல் மனத்தாங்கல் இருந்தது. தெருப் பிள்ளைகளோடு பந்து விளையாடினார். பெய்ஸ்லி 1977, 1978, 1981 என்று மூன்று முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றதை வெளியே நின்று பார்த்தார்.

1981 செப்டம்பர் 29ம் தேதி மாரடைப்பில் காலமானார். 1982ல் ஆன்ஃபீல்டில் அவர் பெயரில் வாசல் கதவுகள் திறக்கப்பட்டன. 1997ல் சிலையும் வந்தது. அவர் பிறந்த க்ளென்பக்கில் இன்று வீடுகள் இல்லை. சுரங்கம் மூடியபின் ஊர் கலைந்தது. பின்னாளில் திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியதில் பழைய தடயங்களும் போயின. அங்கே அவர் பெயர் பொறித்த ஒரு நினைவுக்கல் நிற்கிறது. லிவர்பூலிலிருந்து வரும் ரசிகர்கள் அதன்மேல் சிவப்புத் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போகிறார்கள்.