டேட்டாவுக்கு 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர்: யார் இந்த டொனால்ட் டேவிஸ்?

நீங்கள் போனில் அனுப்பும் ஒரு போட்டோ, முழுசாக ஒரே மூட்டையாகப் போவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் முகவரியோடு தனித்தனியாகப் போகிறது. சேர வேண்டிய இடத்தில் மறுபடியும் ஒன்றாகிறது. அந்தத் துண்டுக்கு 'பாக்கெட்' என்று பெயர் வைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸ். ஆனால் அந்த யோசனையைப் பெரிய அளவில் செய்துகாட்டியது அமெரிக்கா. ஏன் அப்படி?

யார் இவர்?

1924 ஜூன் 7ல் வேல்ஸின் ட்ரியோர்க்கி என்ற நிலக்கரி ஊரில் பிறந்தார். சுரங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அப்பா சில மாதங்களிலேயே இறந்துவிட, இரட்டைக் குழந்தைகளோடு அம்மா சொந்த ஊரான போர்ட்ஸ்மவுத்துக்கே திரும்பினார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல், கணிதம் இரண்டும் படித்த டேவிஸ், 1947ல் டெடிங்டனில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே ஆலன் டூரிங்கின் கணினித் திட்டத்தில் வேலை. டூரிங்கின் புகழ்பெற்ற 1936 கட்டுரையிலேயே பிழைகளைக் கண்டுபிடித்தவர் இவர்.

என்ன சிக்கலைத் தீர்த்தார்?

1965ல் அமெரிக்கா போனபோது, ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதைப் பார்த்தார். டெலிபோன் லைன்தான் இடித்தது. ஒருவர் நாலு எழுத்து தட்டுவார், அப்புறம் யோசிப்பார். அந்த நேரமெல்லாம் லைன் சும்மா கிடக்கும். ஆனாலும் வேறு யாருக்கும் கிடைக்காது.

தகவலை அதிகபட்சம் 1024 பிட் கொண்ட துண்டுகளாக வெட்டி, பலருடைய துண்டுகளையும் ஒரே லைனில் மாற்றி மாற்றி அனுப்பலாம் என்றார் டேவிஸ். பிற மொழிகளிலும் எளிதாகப் புரியும் சொல்லாக இருக்க வேண்டும் என்று மொழி அறிந்தவரிடம் கேட்டே 'பாக்கெட்' என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தார்.

பிரிட்டன் ஏன் கோட்டைவிட்டது?

நாடு முழுவதற்குமான நெட்வொர்க்குக்குத் திட்டம் போட்டார். ஆனால் டெலிபோன் லைன்கள் எல்லாம் தபால் துறையின் கையில். திட்டம் நகரவில்லை. கடைசியில் தன் ஆய்வக வளாகத்துக்குள் மட்டும் ஒரு நெட்வொர்க்கை அமைத்தார். அது 1986 வரை ஓடியது.

இதற்கிடையே 1967 அக்டோபரில், அமெரிக்காவின் கேட்லின்பர்க் மாநாட்டில் அவருடைய குழுவின் கட்டுரையை ரோஜர் ஸ்கேன்டில்பரி வாசித்தார். ஆர்ப்பாநெட்டைத் திட்டமிட்டுக்கொண்டிருந்த லாரி ராபர்ட்ஸ் அங்கே இருந்தார். நொடிக்கு 2,400 பிட் லைன் போதும் என்றிருந்த அவர்கள், வேகம் கூட்டச் சொன்ன பிரிட்டிஷ் யோசனைக்குப் பிறகு 50,000 பிட்டுக்கு மாறினார்கள்.

லைனில் பாக்கெட் எப்படிப் போகிறது?

இவை 'சிங்க்ரனஸ் சீரியல்' லைன்கள். பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, கடிகாரத் தாளத்தில், இடைவெளியே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அப்படியானால் ஒரு பாக்கெட் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்?

அதற்குத்தான் உறை. ஆர்ப்பாநெட்டில் 1969 முதலே பாக்கெட்டின் முன்னும் பின்னும் அடையாளக் குறிகள் வைத்தார்கள். கடைசியில் 24 பிட் சரிபார்ப்பு எண். கணக்கு பொருந்தாவிட்டால் மறுமுனை ஒப்புகை அனுப்பாது. அனுப்பியவர் திரும்ப அனுப்ப வேண்டியதுதான்.

தகவலுக்குள்ளேயே அந்தக் குறி வந்துவிட்டால்? அதை இரண்டு முறை அனுப்புவார்கள். வாங்கும் பக்கம் ஒன்றை நீக்கிவிடும்.

பின்னால் வந்த எச்.டி.எல்.சி. முறையில் எல்லைக் குறி 01111110. தகவலில் தொடர்ந்து ஐந்து 1 வந்தாலே ஒரு 0 செருகப்படும். அதனால் ஆறு 1 அடுத்தடுத்து வந்து யாரையும் குழப்பாது. பி.பி.பி. முறையும் இதே பாணி உறையைத்தான் எடுத்துக்கொண்டது.

முதலில் யோசித்தது யார்?

அமெரிக்காவின் பால் பாரன் இதே யோசனையை முன்பே எழுதியிருந்தார். 1966 மார்ச்சில் ஓர் உரைக்குப் பிறகு பாதுகாப்பு அமைச்சக அதிகாரி ஒருவர் சொல்லித்தான் டேவிஸுக்கே அது தெரியவந்தது. அந்த முன்னுரிமையை அவர் மறைக்கவில்லை. யாருக்கு எந்தப் பெருமை சேரும் என்று அலசி அவர் எழுதிய கட்டுரை, 2000 மே 28ல் அவர் இறந்த பிறகு, 2001ல் வெளியானது.

லைன்கள் எத்தனையோ மாறிவிட்டன. உறைகளும் மாறின. உள்ளே போவது மட்டும் இன்றும் பாக்கெட்தான்.