236 சொற்களில் ஒரு பூனை

வாசிக்கத் தடுமாறும் பத்து வயதுப் பிள்ளையிடம் பாலர் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்தால், வெட்கத்தில் மூடிவைத்துவிடும். படுவான்கரைப் பக்கம் செய்திக்காகப் போகும்போது இப்படியான பிள்ளைகளைக் காண்கிறேன். இடம்பெயர்வில் பாடசாலையைத் தொலைத்தவர்கள்தான் இவர்களில் பலரின் பெற்றோர். வீட்டில் வாசித்துக் காட்ட ஆளில்லை. இவர்களை நினைத்தால் எனக்கு டொக்டர் சூஸின் ஞாபகம் வரும்.

தியோடர் சூஸ் கீசல் என்பது இயற்பெயர். 1904இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் பிறந்தார். அவர் மருத்துவருமல்ல, கலாநிதியுமல்ல. ஒக்ஸ்போர்ட் படிப்பை இடையில் விட்டவர். பூச்சிமருந்து விளம்பரத்துக்குக் கேலிச்சித்திரம் வரைந்து உழைத்தார். 1937இல் முதல் சிறுவர் நூல் வெளிவர முன், இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் அதைத் திருப்பியனுப்பின.

1954இல் எழுத்தாளர் ஜோன் ஹேர்சி, பிள்ளைகள் வாசிக்கப் பின்னிற்பதற்குப் பாடசாலை வாசிப்பு நூல்களின் சலிப்பும் ஒரு காரணம் என்று லைஃப் சஞ்சிகையில் வாதிட்டார். அதன்பின் பாடநூல் பதிப்பாளர் ஒருவர் சூஸிடம் ஆரம்ப வகுப்புச் சொற்பட்டியலைக் கொடுத்து, பிள்ளைகள் கீழே வைக்காத கதையொன்றைக் கேட்டார். ஒரு வருடத்துக்கும் மேல் அதோடு மல்லுக்கட்டினார். 1957இல் தொப்பி போட்ட பூனை வந்தது. தாய் இல்லாத நேரம் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கும் பூனை. அந்த நூலில் 236 வெவ்வேறு சொற்களே உண்டு. 1960இல் வந்த இன்னொரு நூலுக்கு 50 சொற்கள் போதுமாயின.

அவர் வாழ்வில் இருண்ட பக்கமும் இருக்கிறது. 1942இல், உலகப் போரின் நடுவே, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைத் துரோகிகளாகக் காட்டிக் கேலிச்சித்திரம் வரைந்தார். அந்த மக்களில் சுமார் 1,20,000 பேர் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். 1953இல் ஜப்பான் போய்வந்தார். அடுத்த ஆண்டு வந்த நூலில், தூசிக்குள் வாழும் சிற்றுயிர்களின் குரல் ஒரு யானைக்கு மட்டும் கேட்கிறது. எவ்வளவு சிறியவர்களானாலும் அவர்களைக் காப்பாற்ற அது போராடுகிறது. நூலை ஜப்பானிய நண்பருக்குச் சமர்ப்பித்தார். பலர் இதை மனமாற்றமாகப் பார்க்கிறார்கள். ஆனால் பழைய படங்கள் அழியவில்லை. 1991இல் காலமானார்.

சித்திரம் சிரிக்க வைக்கும். ஒரு சனத்தை வேலிக்குள் தள்ளவும் துணைபோகும். முகாம் வாழ்வு தெரிந்த நமக்கு இது விளங்கும்.

வாவிக்கரையில் கதைக்குப் பஞ்சமில்லை. தயிர்ச்சட்டியைத் தலையில் கவிழ்த்த எருமை, கல்லடிப் பாலத்தடியில் பாட மறுக்கும் மீன். ஐம்பது சொல்லும் நல்ல ஓவியர் ஒருவரும் போதும். பத்து வயதுப் பிள்ளை வெட்கப்படாமல் திறக்கும் புத்தகம் வந்தால், அது தம்பிக்கும் வாசித்துக் காட்டும். அம்மாவும் பக்கத்தில் இருந்து கேட்பா.